ஏழாம் எண் ஏற்பி

1997-இல் அமெரிக்க மருந்துக் கடைகளுக்கு ஒரு களிம்பு வந்தது. பிறப்புறுப்பில் வரும் வைரஸ் மருக்களுக்கானது. மருந்தின் பெயர் இமிகுவிமோட். ஒட்டும் டேப் செய்கிற அதே 3எம் நிறுவனத்தின் மருந்துப் பிரிவு தயாரித்தது. ஹெர்பீஸ் வைரஸுக்கு மருந்து தேடிய வேலையில் பிறந்த மூலக்கூறு இது. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரஸ்மேல் நேராகப் போட்டால் வைரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கினிப் பன்றிக்குக் கொடுத்தால் மட்டும் தொற்று அடங்கியது. மருந்து வைரஸைத் தொடவே இல்லை. உடம்புக்குள் யாரையோ தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எழுந்தவர் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கவைத்தார், வைரஸ் பின்வாங்கியது.

அந்த 'யாரோ' யார் என்று தெரியாமலே அனுமதி வாங்கினார்கள், ஐந்து ஆண்டுகள் விற்றார்கள். மருத்துவத்தில் இது புதிதல்ல. 1899 முதல் விற்ற ஆஸ்பிரின் உடம்பில் என்ன செய்கிறது என்று 1971-இல்தான் தெரிந்தது. அதோடு பார்த்தால் ஐந்தாண்டு ஒன்றுமே இல்லை.

விடை 2002-இல் ஜப்பானிலிருந்து வந்தது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிசுவோ அகிராவின் குழு எலிகளில் ஒவ்வொரு மரபணுவாக நீக்கி, எது இல்லாவிட்டால் எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. டி.எல்.ஆர்.7 என்ற மரபணுவை நீக்கிய எலிக்கு இமிகுவிமோட் கொடுத்தார்கள். எலியின் உடம்பு அசைந்தே கொடுக்கவில்லை. களிம்பு எழுப்பிய ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் அவருக்கு அங்கே என்ன வேலை? மருக் களிம்புக்காக எந்த உடம்பும் ஓர் ஏற்பியை, அதாவது உணரும் புரதத்தை, வைத்துக்கொண்டிருக்காது.

குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டி.எல்.ஆர். என்றால் 'டோல் போன்ற ஏற்பி'. டோல் என்பது பழ ஈயின் மரபணு. 1980-களில் ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் அவருடன் பணியாற்றியவர்களும், ஈயின் கருவில் முதுகு எந்தப் பக்கம், வயிறு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் மரபணுக்களைத் தேடியபோது பிடிபட்டது. அப்போது அதற்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் தெரியவில்லை. 1996-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில், ஜூல்ஸ் ஹாஃப்மனின் ஆய்வகத்தில் ப்ருனோ லெமைத்ர் டோல் பழுதான ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஈக்கள் செத்தன. நுண்ணோக்கிப் படத்தில், செத்த ஈயின் உடம்பெல்லாம் பூஞ்சை இழைகள் முளைத்து நிற்கும். பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். கருவில் வயிற்றுப் பக்கத்தைத் தீர்மானித்த அதே மரபணு, வளர்ந்த ஈயில் காவலுக்கு நின்றிருக்கிறது.

மறு ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஜேன்வேயும் ருஸ்லான் மெட்ஸிட்டோவும் மனிதரிலும் இப்படி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். கிருமியைப் பிறவியிலேயே அடையாளம் காணும் ஏற்பிகள் நமக்குள் இருந்தே தீர வேண்டும் என்று 1989-லேயே எழுதிவைத்தவர் ஜேன்வே. 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர், பாக்டீரியாவின் மேலுறை நஞ்சை உணர்வது டி.எல்.ஆர்.4 என்று நிறுவினார். 2011-இல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஜேன்வே 2003-இலேயே இறந்துபோயிருந்தார். மெட்ஸிட்டோவ் உயிரோடிருந்தும் பட்டியலில் இல்லை. அறிவியலாளர்களிடையே அதைப் பற்றி எழுந்த முணுமுணுப்பு நியாயமானது என்றே எனக்குப் படுகிறது.

ஏழாம் எண் ஏற்பியைக் கண்டெடுத்த விதத்தில் இப்படி நாடகம் ஏதுமில்லை. 2000-இல், மரபணுத் தரவுத்தளங்களில் கணினி வழியாகத் தேடி, டோல் சாயல் தெரிந்த வரிசைகளைப் பிடித்தார்கள். 7, 8, 9 மூன்றும் ஒரே சமயத்தில் சிக்கின. கிடைத்த வரிசைப்படி எண் போட்டார்கள். மனிதரிடம் இப்படி மொத்தம் 10 உண்டு.

அதன் விலாசம் எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கை. சுமார் 15.6 கோடி எழுத்துகள் கொண்ட அந்தக் குரோமோசோமில் 1.28 கோடியைத் தாண்டியதும் வரும். நீளம் ஏறக்குறைய 23 ஆயிரம் எழுத்துகள். பக்கத்து வீட்டிலேயே தம்பி டி.எல்.ஆர்.8. இதிலிருந்து உருவாகும் புரதத்தில் 1,049 அமினோ அமிலங்கள். மீனிலிருந்து கோழி, எலி, மனிதர் வரை முதுகெலும்புள்ள விலங்குகளில் பரவலாக இருக்கிறது. உலகின் பல பகுதி மக்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சில டோல் ஏற்பிகளில் பழுதோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் தென்பட்டார்கள். செல்லுக்குள் இருக்கும் ஏற்பிகளிலோ பழுது அபூர்வம். பழுதானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழிந்துபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏழாம் எண் உள்ளே இருக்கும் வகை.

2004-இல் லண்டனிலிருந்தும் ம்யூனிக்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சேதி வந்தது: இந்த ஏற்பி உணர்வது ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஃப்ளூ வைரஸின் ஆர்.என்.ஏ.வைக் காட்டினால் விழித்துக்கொள்கிறது, எச்.ஐ.வி.யின் துண்டைக் காட்டினாலும்தான். டெங்குவும் கொரோனாவும் அதே சாதி. களிம்பின் மர்மம் விலகியது. இமிகுவிமோட் மூலக்கூறுக்கு ஆர்.என்.ஏ.வின் ஒரு சிறு பகுதியின் சாயல் உண்டு. வைரஸ் வராமலே வந்ததுபோல் பாசாங்கு செய்கிறது.

இங்கேதான் சிக்கலும் ஆரம்பிக்கிறது. டி.எல்.ஆர்.4 கவனிக்கும் பாக்டீரியா நஞ்சு நம் உடம்பின் சரக்கே அல்ல. கண்டால் எதிரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆர்.என்.ஏ. அப்படியா? நம் ஒவ்வொரு செல்லும் ஆர்.என்.ஏ.வால் நிரம்பிக் கிடக்கிறது. அதே நான்கு எழுத்து, அதே முதுகெலும்பு. ஃப்ளூ வைரஸின் துண்டையும் நம் துண்டையும் பக்கத்தில் வைத்தால் இந்த ஏற்பிக்கு வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. முகம் பார்த்து ஆளைச் சொல்லத் தெரியாத காவலருக்கு எதிரியைப் பிடிக்க ஒரே வழி, எந்த இடத்தில் பிடிபட்டது என்று பார்ப்பதுதான்.

அதனால்தான் இந்தப் புரதத்தின் சொந்தப் பயணம் அவ்வளவு சுற்றுவழி. எண்டோபிளாச வலையில் உருவானதும் அது நேராக வேலைக்குப் போக முடியாது. யு.என்.சி.93.பி1 என்ற துணைப் புரதம் வந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து கோல்கி வழியாக எண்டோசோம் என்ற சிறு பைக்குப் போகின்றன. செல் வெளியிலிருந்து விழுங்கியவற்றைச் செரிக்க வைக்கும் பை அது, உள்ளே அமிலம். அங்கே போனபின் ஒரு நொதி ஏற்பியை வெட்டிச் சரிசெய்கிறது. அப்போதுதான் அதற்கு உணர்வு வரும். விமான நிலையச் சுங்கத்தில் வெளியூரிலிருந்து வந்த பெட்டியை மட்டும் பிரித்துப் பார்ப்பதுபோல, இது விழுங்கப்பட்ட பொட்டலங்களை மட்டும் பார்க்கிறது. செல்லின் சொந்த ஆர்.என்.ஏ. சைட்டோபிளாசத்தில் உலவுகிறது, அந்தப் பைக்குள் வர அதற்கு வேலையில்லை. வைரஸோ பெரும்பாலும் அந்தப் பை வழியாகத்தான் நுழைகிறது.

இடத்தை மாற்றினால் என்ன ஆகும்? சகோதர ஏற்பியான டி.எல்.ஆர்.9 டி.என்.ஏ.வை உணர்வது. 2006-இல் கிரெகரி பார்ட்டனும் மெட்ஸிட்டோவும் அதைப் பையிலிருந்து பிடுங்கி, செல்லின் மேற்பரப்பில் நட்டுப் பார்த்தார்கள். ஏற்பி நம் சொந்த டி.என்.ஏ.வுக்குப் பதில் கொடுக்கத் தொடங்கியது. வைரஸின் டி.என்.ஏ.வைத் தவறவிட்டது. புரதம் அதேதான், நின்ற இடம் மட்டும் வேறு. துணைப் புரதத்தில் கைவைத்தாலும் இதே கதைதான். டோக்கியோவில் யு.என்.சி.93.பி1-இல் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். அது ஒன்பதை விட்டுவிட்டு ஏழையே அதிகம் கொண்டுபோய்ச் சேர்த்தது. எலிகள் உடம்பெங்கும் அழற்சி வந்து செத்தன.

2016-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோஷியுகி ஷிமிஸுவின் குழு குரங்கு டி.எல்.ஆர்.7-ஐப் படிகமாக்கி, உருவத்தைப் பார்த்தது. இரண்டு மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருங்கி ஆங்கில 'எம்' எழுத்துபோல நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள். ஒன்றில் குவானோசின் என்ற ஒற்றை எழுத்துத் துணுக்கு உட்காருகிறது. மற்றதில் யூரிடின் கொண்ட குட்டி ஆர்.என்.ஏ. துண்டு. முழு வைரஸ் இழையை இது வாசிப்பதில்லை. பையிலுள்ள நொதிகள் வைரஸைச் சிதைத்தபின் மிஞ்சும் துணுக்குகள்தான் அதற்குத் தடயம். இரு குழிகளும் நிறைந்ததும் உள்ளே சேதி ஓடுகிறது. கடைசியில் இன்டர்ஃபெரான் வெளியேறுகிறது.

இதை அதிகம் செய்யும் செல் ஒன்று உண்டு: பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல். பெயர் நீளம், ஆள் அபூர்வம். ரத்த வெள்ளை அணுக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் இன்டர்ஃபெரான் சுரப்பதில் மற்றச் செல்கள் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களிலும் ஏழாம் எண் உண்டு. அதன் விபரீதத்துக்குப் பின்னால் வருகிறேன்.

2005-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் இந்தக் குடும்பத்தோடு வேறு விதமாக மோதிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் செய்த எம்.ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் அனுப்பினால் அழற்சி வெடித்தது. செல்கள் தாமே செய்யும் சில ஆர்.என்.ஏ.க்கள் அப்படி வெடிக்கவில்லை. காரணம், இயற்கை அந்த ஆர்.என்.ஏ.க்களின் எழுத்துகளில் சிறு வேதி மாற்றங்களைச் செய்துவைத்திருந்தது. யூரிடினுக்குப் பதிலாக சூடோயூரிடினைப் போட்டதும் 7, 8 எண் ஏற்பிகள் அடங்கின. அன்று அந்தக் கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2023-இல் அதற்கு நோபல் பரிசு வந்தது. எதிரியை இடத்தால் அறிவது போக, எழுத்தின் மேல் போட்ட இந்தப் பொட்டுகளாலும் ஏற்பி கொஞ்சம் அறிகிறது என்று நான் முன்சொன்னதைத் திருத்திக்கொள்ளலாம். 'பெரும்பாலும்' என்று அங்கே எழுதியது அதற்காகத்தான்.

கொரோனா தடுப்பூசிகளில் இதன் விசித்திரம் தெரியும். டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர், மாடர்னா ஊசிகள் ஏழாம் எண் ஏற்பியை எழுப்பாமல் நழுவ, எழுத்து மாற்றிய எம்.ஆர்.என்.ஏ.வால் ஆனவை. சென்னையில் அக்காவோ தம்பியோ போட்டுக்கொண்ட கோவேக்சின் நேரெதிர். திருத்தணிப் பக்கத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லாவின் பாரத் பயோடெக் தயாரித்த அந்த ஊசியில், செயலிழக்கச் செய்த வைரஸோடு அல்ஜெல்-ஐ.எம்.டி.ஜி. என்ற ஊக்கி சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் வைரோவாக்ஸ் நிறுவனத்தில், அமெரிக்க அரசின் ஆய்வு உதவியுடன் சுனில் டேவிட் உருவாக்கியது. அதிலுள்ள மூலக்கூறு இமிகுவிமோட்டின் சொந்தக்காரன். ஏழையும் எட்டையும் தட்டி எழுப்புவதே அதன் வேலை. கண்ட இடமெல்லாம் பரவாமல் அலுமினியம் ஹைட்ராக்சைடு குழம்பில் ஒட்டிவைத்து, ஊசி போட்ட தோளைச் சுற்றியே வேலை செய்யவைத்தார்கள். மருவுக்குப் பிறந்த வேதியியல் இப்படிக் கோடிக்கணக்கான இந்தியக் கைகளில் ஏறியது.

ஏற்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே பெருந்தொற்றில்தான் மனிதரிடம் தெரிந்தது. 2020 வசந்தத்தில் நெதர்லாந்தில் 21 முதல் 32 வயதுக்குட்பட்ட நான்கு இளைஞர்கள் கொரோனாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள். நால்வருக்கும் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. முன்னால் பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவர் பிழைக்கவில்லை. நைமேகனின் ராட்பவுட் மருத்துவ மையத்தில் அவர்களுடைய மரபணுக்களைப் படித்தபோது, முதல் குடும்பத்தின் இருவரிடமும் டி.எல்.ஆர்.7-இல் 4 எழுத்துகள் விடுபட்டிருந்தன. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்க வேண்டும். நான்கு போய்விட்டால் அதற்கப்புறம் எல்லாம் உளறல்தான். இரண்டாம் குடும்பத்தில் ஒரே எழுத்து மாறியிருந்தது, அதுவும் போதுமானதாயிற்று. அவர்களுடைய ரத்த அணுக்களுக்கு இமிகுவிமோட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். வரவேண்டிய எழுச்சி வரவில்லை. ஒசாகாவின் எலிகளுக்கு நடந்ததே மனிதருக்கும் நடந்தது. 2020 ஜூலையில் கட்டுரை வெளிவந்தது.

ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். அது அம்மாவிடமிருந்து வருகிறது. பழுதானால் மாற்று இல்லை. அம்மாவுக்கு இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் அவர் தப்பிக்கிறார். அடுத்த ஆண்டு ழான்-லோரான் கஸனோவாவின் பன்னாட்டுக் குழு, காரணம் புரியாமல் கடுமையான கொரோனா நிமோனியாவில் விழுந்த 1,202 ஆண்களைப் படித்து, 16 பேரிடம் இதே குறையைக் கண்டது. லேசாக வந்துபோன 331 ஆண்களில் ஒருவரிடமும் இல்லை. அறுபதுக்குக் கீழான ஆண்களில் உயிருக்கு ஆபத்தான கொரோனாவில் நூற்றுக்கு 1.8 போலக் கணக்கு வருகிறது. ஆண்கள் அதிகம் இறந்ததற்கு இதுவே விளக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு சிறு பகுதிக்குத்தான் இது விளக்கம். ஆனால் அந்தப் பகுதியில் விளக்கம் கச்சிதம்.

ஏற்பி அதிகமானால்? அந்தக் கதையை முதலில் சொன்னதும் எலிதான். லூபஸ் என்ற நோயில் உடம்பு தன்னையே, குறிப்பாகத் தன் செல்லின் கருப் பொருளையே எதிரியாக நினைத்துத் தாக்கும். மூட்டு, தோல், சிறுநீரகம் எல்லாம் அடிபடும். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஆனால் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்த்த பி.எக்ஸ்.எஸ்.பி. என்ற எலி வகையில் ஆண்களுக்குத்தான் முந்தி வந்தது. அவற்றின் ஒய் குரோமோசோமில் ஏதோ இருக்கிறது என்று பல ஆண்டுகளாகச் சந்தேகித்தார்கள். 2006-இல் பிடிபட்டது. எக்ஸ் குரோமோசோமின் ஒரு துண்டு பெயர்ந்து வந்து ஒய்யில் ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டில் பல மரபணுக்கள், அவற்றில் டி.எல்.ஆர்.7-ம் ஒன்று. ஆண் எலிக்கு ஒரு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. குற்றவாளி முக்கியமாக அந்த இரட்டைப் பிரதிதான். வேறு எந்தப் பிழையும் இல்லாத நல்ல மரபணுவே, இரண்டு மடங்கானதால் நோயானது.

பெண்களிடம் எப்போதும் இரண்டு பிரதிகள் இருக்கின்றனவே என்றால், ஒவ்வொரு செல்லிலும் ஓர் எக்ஸ் மௌனமாக்கப்படும். ஆனால் சில மரபணுக்கள் அந்த மௌனத்திலிருந்து தப்பிவிடும். 2018-இல் பிரான்ஸின் துலூஸ் ஆய்வாளர்கள், பெண்களின் பி செல்களிலும் டென்ட்ரிடிக் செல்களிலும் கணிசமானவற்றில் டி.எல்.ஆர்.7-இன் இரண்டு பிரதிகளும் பேசுகின்றன என்று காட்டினார்கள். இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட கிளைன்ஃபெல்டர் ஆண்களின் செல்களிலும் அப்படியே. அந்த ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட லூபஸ் வாய்ப்பு 14 மடங்கு என்று முன்பே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தகவலும் இப்போது கைகோத்துக்கொண்டன.

முழு ஆதாரம் ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியிடமிருந்து வந்தது. ஏழு வயதிலேயே கடுமையான லூபஸ். அந்த வயதில் அது அரிது. அரிதாக இருந்தால் ஒரே மரபணுவின் கைங்கரியமாக இருக்கலாம் என்று நோயெதிர்ப்பியலாளர் கரோலா வினுவேசா தேடினார். டி.எல்.ஆர்.7-இன் 264-ஆவது அமினோ அமிலம் மாறியிருந்தது, டைரோசின் போய் ஹிஸ்டிடின். பெற்றோரிடம் இல்லாத, இவளிடம் புதிதாக வந்த மாற்றம். இந்த ஏற்பி குவானோசினுக்கு மட்டுமீறிக் கூர்மையாகப் பதில் கொடுத்தது. நம் உடம்பின் வழக்கமான கழிவே அதற்கு வைரஸாகத் தெரிந்தது. அதே ஒற்றை மாற்றத்தை எலியில் செய்தபோது எலிக்கும் லூபஸ் வந்தது. பி செல்கள் சொந்த உடம்புக்கெதிரான எதிர்ப்பொருள்களைக் கொட்டின. நேச்சர் இதழில் 2022 ஏப்ரலில் வந்தது.

வாத நோய் மருத்துவர்கள் தெரியாமலே இந்த ஏற்பியோடு நெடுங்காலம் பழகியிருக்கிறார்கள். லூபஸ் நோயாளிகள் 'எச்.சி.க்யூ.' என்று சொல்லிக் கேட்டு வாங்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மலேரியா மருந்தாகப் பிறந்தது. அது எண்டோசோம் பையில் தேங்கி, அமிலத்தைக் குறைத்து, ஏழும் ஒன்பதும் தங்கள் துணுக்குகளைப் பிடிக்கவிடாமல் தடுக்கிறது என்பது பிற்பாடு வந்த விளக்கம். 2020 மார்ச்சில் இந்தியாவில் கொரோனாவைத் தடுக்கும் என்று இதை மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தார்கள். கடைகளில் மாத்திரை தட்டுப்பாடாகி லூபஸ் நோயாளிகள் அலைந்தார்கள். வைரஸை உணரும் ஏற்பியை மந்தப்படுத்தும் மருந்தை வைரஸுக்கு எதிராக விழுங்கிய கூத்து அது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடித்துவைத்தது.

இப்போது நேராகவே ஏழையும் எட்டையும் அடைக்கும் மாத்திரைகள் லூபஸ் நோயாளிகளிடம் சோதிக்கப்படுகின்றன. ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தின் என்பட்டோரான் ஒன்று, பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்க்விப்பின் அஃபிமெட்டோரான் இன்னொன்று. ஏற்பியை முழுதாக அடைத்தால் தோலும் மூட்டும் அமைதியாகலாம். ஆனால் புதிய வைரஸ் ஒன்று வரும் ஆண்டில், மாத்திரை சாப்பிடுகிறவர் அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதானவர் நின்ற இடத்தில் நிற்பார். எனவே சோதனையில் தடிப்பு எவ்வளவு குறைந்தது என்று எழுதும் அதே கோப்பில், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்றும் எழுதுகிறார்கள். மாத்திரையின் மில்லிகிராம் அளவை அந்த இரண்டு கணக்கும் சேர்ந்துதான் முடிவு செய்யப்போகின்றன.